உமிச் சாம்பலுக்கு எதற்கு அரசாங்கப் பணம்?

நீடாமங்கலம் பக்கம் என் சித்தப்பா ஒரு புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறார். நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். எரிந்து மிஞ்சும் சாம்பல்தான் அவருக்குத் தலைவலி. மேல்காற்று அடித்தால் அடுத்த தெருக் கொடியில் காயும் வேட்டியில் கரி படியும்; சண்டை வரும். செங்கல் சூளைக்காரர் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார். யாரும் கேட்காத மாதத்தில் லாரி வாடகை கொடுத்து அவரே கொட்டிவிட்டு வரவேண்டும்.

போன பொங்கலுக்கு அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். அரசு உதவித்தொகையில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். ஆலைக் கொல்லையில் கிடந்த சாம்பல் மேட்டைப் பார்த்துவிட்டு, "சின்னத் தாத்தா, இதுலேருந்து பேட்டரிக்குச் சாமான் எடுக்கலாம். எங்க ஆய்வகத்துல அரசாங்கப் பணத்துல அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றாள். சித்தப்பா சிரித்தார். "லாபம் வர்ற சாமான்னா கம்பெனிக்காரன் இந்நேரம் அள்ளிக்கிட்டுப் போயிருக்க மாட்டானா? லாபம் வராதுன்னா அரசாங்கம் எதுக்கு நம்ம வரிப்பணத்தை அதுல கொட்டுது?"

நாற்பது வருடம் வியாபாரம் செய்த மனிதரின் கேள்வி. அன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. புகையில்லாமல் மின்சாரம் எடுக்கவும் சேமிக்கவும் வழி தேடும் தூய ஆற்றல் ஆராய்ச்சிக்கு, அதுவும் அதன் ஆரம்பநிலைக்கு, அரசாங்கம் ஏன் பணம் போட வேண்டும் என்ற அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

பதிலுக்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, ஆடுதுறைவரை போனால் போதும். அங்கே 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. காவிரி டெல்டாவில் விவசாயம் பார்த்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஏடிடி என்று தொடங்கும் நெல் ரகங்கள் அவர்கள் வாயில் தானாக வரும். அந்த ஏடிடி ஆடுதுறையின் சுருக்கம்தான். 1960களில் வெளிவந்த ஆடுதுறை 27 ஜப்பானின் நோரின் 10 என்ற ரகத்தையும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் கலப்பு செய்து உண்டாக்கியது. நூற்றைந்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும் என்பதால் குறுவைக்குப் பொருந்தியது.

அப்படி ஒரு ரகம் வருவதற்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு நெல் ரகத்தைக் கலப்பு செய்து, அதன் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, நல்லதைப் பொறுக்கி, மற்றதைத் தள்ளி, அப்புறம் பல ஊர் மண்ணில் போட்டுப் பார்த்து, பூச்சி தின்கிறதா, சாய்கிறதா என்று கவனித்து... வருடங்கள் ஓடும். தள்ளப்படுபவைதான் மிக அதிகம். சரி, எல்லாம் முடிந்து ஒரு நல்ல ரகம் கிடைத்தது. தனியார் கம்பெனி ஒன்று இதைச் செய்திருந்தால் போட்ட பணத்தை எப்படி எடுக்கும்? நெல் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் பயிர். ஒரு முறை விதை வாங்கினால் போதும். அடுத்த போகத்துக்கு விளைந்ததிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மச்சானுக்கு ஒரு மரக்கால், சம்பந்தி ஊருக்கு ஒரு மூட்டை என்று ரகம் தானாகப் பரவிவிடும். டெல்டா முழுக்க லாபம் அடையும், கண்டுபிடித்தவன் கைக்கு எதுவும் திரும்பாது.

ஆகவே சித்தப்பாவின் கேள்வியில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது. ஊருக்கு லாபம் வருவதும் கண்டுபிடித்தவனுக்கு லாபம் வருவதும் ஒன்று என்று அவர் எடுத்துக்கொள்கிறார். கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் 1962இல் இதைத்தான் எழுதினார்: அறிவு வாய்க்கால் தண்ணீர் மாதிரி வரப்பு தாண்டிக் கசியும், அடுத்தவன் பயன்படுத்துவதைத் தடுப்பது கடினம், அதனால் சந்தையை மட்டும் நம்பினால் ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு பணம் விழாது. (வாய்க்கால் உவமை என்னுடையது, அவர் பேரில் போட வேண்டாம்.) 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தூய ஆற்றலுக்கு இந்தக் கசிவோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நிலக்கரி எரித்த மின்சாரத்தின் விலையில் அதன் புகைக்கான விலை கிடையாது. புகையால் நுரையீரல் கெட்டால் ஆஸ்பத்திரிச் செலவு நோயாளியுடையது. கடல் மட்டம் ஏறி வேதாரண்யம் பக்கத்து நிலத்தில் உப்பு ஏறினால் நட்டம் அந்த விவசாயியுடையது. மின்சாரம் விற்றவருக்கு இதற்கெல்லாம் பில் போவதில்லை. புகையில்லாமல் மின்சாரம் எடுக்க ஒருவர் வழி கண்டுபிடித்தால், அந்தப் புகையில்லாத நன்மைக்கும் அவருக்கு யாரும் காசு தரப்போவதில்லை. இரண்டு பக்கமும் அடி.

இனி, ஆரம்பநிலை என்றால் எது என்று பார்க்கலாம். இதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1970களில் ஓர் அளவுகோல் தொடங்கியது. பிறகு அது ஒன்பது படிகளாக நிலைபெற்றது. ஆய்வகத்தில் எல்லோரும் அதைச் சுருக்கமாக டிஆர்எல் என்பார்கள். தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் பக்குவப்பட்டிருக்கிறது என்பதற்கான எண். படி 1 வெறும் அறிவியல் உண்மை. படி 9 நிஜ உலகில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம். உமிச் சாம்பலையே இந்தப் படிகளில் ஏற்றிப் பார்க்கலாம்.

நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். நன்றாக எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. நெல் தாள் கையை அறுப்பதும் இதனால்தான். இந்தச் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துவிட்டால் சிலிக்கான் கிடைக்கும். இன்றைய லித்தியம் பேட்டரியின் ஒரு முனையில் பெரும்பாலும் கிராஃபைட் இருக்கிறது. அதே எடை கிராஃபைட்டைவிட சிலிக்கான் கிட்டத்தட்ட பத்து மடங்கு மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இவ்வளவும் தெரிந்த அறிவியல். படி 1, படி 2.

படி 3 என்பது சோதனை மேசையில் செய்து காட்டுவது. சாம்பலை அமிலத்தில் கழுவி, மெக்னீசியத்தோடு சேர்த்துச் சூடாக்கி, ஒரு சிட்டிகை சிலிக்கான் எடுத்து, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்றில் வைத்து, மின்னேற்றிப் பார்ப்பது. உலகத்தில் பல ஆய்வகங்கள் இதைச் செய்திருக்கின்றன. நம் வீட்டுப் பெண்ணும் இங்கேதான் இருக்கிறாள். அவளுடைய தொல்லை என்ன தெரியுமா? சிலிக்கான் லித்தியத்தை உள்ளே இழுக்கும்போது மூன்று நான்கு மடங்கு உப்புகிறது, விடும்போது சுருங்குகிறது. அளவுக்கு மேல் அவித்த நெல் வாய் பிளப்பதுபோலத் துகள் வெடித்துவிடும். சில தடவை மின்னேற்றியதும் பேட்டரி செத்துவிடும். உமிச் சாம்பலில் இயற்கையாக இருக்கும் நுண்ணிய துளைகள் உப்புவதற்கு இடம் கொடுக்குமா என்பதுதான் இந்த ஆராய்ச்சியில் ஆசை காட்டும் இடம்.

படி 4, 5இல் அதையே கொஞ்சம் பெரிதாக, தொழிற்சாலை நிலைமைக்கு நெருக்கமாகச் செய்ய வேண்டும். ஒரு சிட்டிகை போய் கிலோக் கணக்கு வரும். ஆய்வகத்தில் ஒரே மூட்டைச் சாம்பல், ஒரே தரம். இங்கே பத்து ஆலைச் சாம்பல், பத்து தரம். கழுவிய அமிலத்தை எங்கே விடுவது என்ற கேள்வியும் இங்கேதான் முளைக்கும் (வெண்ணாற்றில் விட முடியாது). படி 6, 7 மாதிரி ஆலை. 8, 9 சந்தை.

இப்போது பணத்துக்கு வரலாம். செய்தித்தாளில் தூய ஆற்றலுக்கு அரசு நிதி என்று ஒரே சொல்லில் போட்டுவிடுவார்கள். அதற்குள் பல வகை இருக்கிறது. வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் கிடைக்கிறதே, அது மானியம். ஏற்கனவே முதிர்ந்த பொருளை நீங்கள் வாங்குவதற்கான தூண்டுதல். 2019இல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்பு வாங்கியவருக்குக் கிடைத்ததும் அதே வகை. ஆரம்பநிலை ஆராய்ச்சிக்குப் போவது நல்கை. திருப்பித் தர வேண்டாம், வட்டி இல்லை, பங்கு கேட்பதில்லை. பதிலுக்கு, என்ன தெரிந்துகொண்டாய் என்ற அறிக்கையும் செலவுக்கான கணக்கும் தரவேண்டும். ஆராய்ச்சி தோற்றாலும் பணம் கேட்டு ஜப்தி வராது. மேல்படிகளில்தான் கடன், கடனுக்கு அரசின் உத்தரவாதம், பங்கு முதலீடு எல்லாம்.

நல்கை எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது ஏதோ மேலிடத்துச் செல்வாக்கு சமாச்சாரம்போலத் தோன்றுகிறது. ஒரு அரசு அமைப்பு இந்த இந்தத் தலைப்பில் ஆய்வுத் திட்டங்கள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிக்கும். பேராசிரியர் விண்ணப்பம் எழுதுவார்: கேள்வி என்ன, மற்றவர்கள் இதுவரை என்ன செய்தார்கள், எத்தனை வருடம், எந்தக் கருவி வேண்டும், எத்தனை பேர் வேண்டும். அதே துறையில் உள்ள மற்ற விஞ்ஞானிகள் படித்து மதிப்பெண் போடுவார்கள். தேர்வானால் அனுமதி ஆணை வரும். பணம் தவணையாக வரும். கருவிக்கு இவ்வளவு, வேதிப்பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு தலைப்பாக. ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி வேண்டும். ஆய்வு மாணவருக்கு மாத உதவித்தொகை. ஜெஆர்எஃப் என்ற தொடக்கநிலை உதவித்தொகை 2023 முதல் 37,000 ரூபாய்.

வருட முடிவில் யூசி அனுப்ப வேண்டும். யூசி என்றால் பயன்பாட்டுச் சான்று. முதல் தவணையை ஒழுங்காகச் செலவழித்தோம் என்று தணிக்கையாளர் கையெழுத்தோடு போகும் தாள். அது போய்ச் சேர்ந்து, பார்த்து, ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த தவணை. அக்கா மகளுக்கு ஒரு முறை ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. எந்த அலுவலகத்தில் தாள் தூங்கியது என்பது இப்போது எதற்கு. ஏழு மாதமும் மெஸ் பில்லை அக்காதான் கட்டினாள். ஆராய்ச்சி நிதி என்று கோடிகளில் பேசும்போது எனக்கு இந்த மெஸ் பில்தான் ஞாபகம் வருகிறது.

"மத்த தொழில்லெல்லாம் பசங்க தாங்களே கம்பெனி ஆரம்பிச்சு ஜெயிக்கிறாங்களே, இதுக்கு மட்டும் என்ன?" என்று சித்தப்பா நடுவில் ஒரு கேள்வி கேட்டார். செல்போன் செயலி ஒன்றை இரண்டு பேர் ஒரு மடிக்கணினியில் எழுதிவிடலாம். ஆறு மாதத்தில் ஓடுமா ஓடாதா என்று தெரிந்துவிடும். பேட்டரிக்கும் சூரியத் தகட்டுக்கும் உலை வேண்டும், தூசியில்லாத அறை வேண்டும், பத்துப் பதினைந்து வருடப் பொறுமை வேண்டும். போட்ட பணம் ஏழெட்டு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் முதலீட்டாளருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. புது ரக அரிசி ருசியாக இருந்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கலாம். மின்சாரத்துக்கு ருசி கிடையாது. எதிலிருந்து வந்தாலும் மின்விசிறி அதே மாதிரிதான் சுற்றும். ஆகவே புதிய தொழில்நுட்பம் பிறந்த நாளிலிருந்தே பழையதன் விலையோடு மோத வேண்டும். நம் டெல்டாவில் அந்த விலை பூஜ்யம்; தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டு மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் இலவசத்தோடு போட்டியிட்டு எந்தப் புதுக் கம்பெனி பம்புசெட்டுச் சந்தையில் நுழையும்?

சூரியத் தகடு எப்படி இந்தச் சுவரைத் தாண்டியது என்று பார்த்தால் விஷயம் புரியும். சிலிக்கான் சூரிய மின்கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மூன்று பேர் செய்தார்கள். விழும் வெளிச்சத்தில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. பெல் ஆய்வகம் தனியார்தான். ஆனால் அதன் பின்னால் இருந்தது நாடு முழுக்கத் தொலைபேசியை ஏகபோகமாக வைத்திருந்த நிறுவனம். நாளைய லாபத்தை நினைக்காமல் செலவு செய்ய அதனால் முடிந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், வாங்க ஆள் இல்லை. அவ்வளவு விலை.

முதல் உருப்படியான வாடிக்கையாளர் ஆகாயத்தில் கிடைத்தார். 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் இரண்டு வானொலிக் கருவிகள் இருந்தன. சாதாரண பேட்டரியில் ஓடியது சில மாதங்களில் ஊமையானது. சூரிய மின்கலத்தில் ஓடியது 1964 வரை சத்தம் கொடுத்தது. ஆகாயத்தில் மின்கம்பி இழுக்க முடியாது, விலை என்னவானாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். விண்வெளித் திட்டங்கள் கொடுத்த அந்தப் பணத்தில் தகடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்காவும் ஜப்பானும் அரசுப் பணத்தை ஆராய்ச்சியில் இறக்கின. ஜெர்மனி 2000இல் சட்டம் போட்டு, சூரிய மின்சாரத்தை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்றது. அப்புறம் சீனா பெரும் ஆலைகளைக் கட்டியது. 1970களின் நடுவில் ஒரு வாட் தகட்டின் விலை இன்றைய பண மதிப்பில் நூறு டாலருக்கும் மேல். இன்று அரை டாலர்கூட இல்லை. மன்னார்குடி சாலையில் பெட்ரோல் பங்கு கூரைமேல் பார்க்கும் தகட்டுக்குப் பின்னால் நான்கு நாட்டு வரிப்பணமும் அறுபது எழுபது வருடமும் இருக்கிறது. எந்த ஒரு கம்பெனியும் அவ்வளவு காலம் காத்திருக்காது.

பணம் வீணாகாதா? ஆகும். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ஆரம்பநிலை ஆற்றல் ஆராய்ச்சிக்கென்றே ஆர்ப்பா-இ என்ற அமைப்பு 2007இல் சட்டத்தால் உருவாகி, 2009இல் 40 கோடி டாலரோடு வேலையைத் தொடங்கியது. முதல் இயக்குநர் அருண் மஜும்தார், இந்தியாவில் படித்துப் போனவர். அங்கே திட்டம் நடத்தும் விஞ்ஞானிகள் சில வருட ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஒரு ஆய்வு நகரவில்லை என்றால் பாதியில் நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. முளைக்காத விதையை நாற்றங்காலிலேயே கண்டுபிடித்துவிட்டால் நட்டம் சின்னது. அதே காலத்தில் அமெரிக்க அரசு மேல்படியில் கொடுத்த பெரிய கடன் உத்தரவாதங்களில் சோலிண்ட்ரா என்ற சோலார் கம்பெனிக்கு 53.5 கோடி டாலர் போனது. 2011இல் அது திவால். பெரிய அரசியல் ரகளை. அதே கடன் துறையிலிருந்து 46.5 கோடி டாலர் வாங்கிய இன்னொரு கம்பெனி 2013இல் வட்டியோடு முன்கூட்டியே கட்டிவிட்டது. அதன் பெயர் டெஸ்லா. திவாலான கதைதான் ஊரெல்லாம் தெரிந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். டெல்டாவிலிருந்து தெற்கே கொஞ்சம் போனால் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 தைப் பொங்கல் சமயத்தில் திறந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது. பேட்டரி, அரிமானம் (துருப்பிடிப்பது), மின்முலாம் என்று மின்சாரமும் வேதியியலும் கலக்கும் எல்லாம் அங்கே நடக்கும். காற்றாலைக்குச் சென்னையில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, சூரிய ஆற்றலுக்கு குருகிராம் பக்கம் ஒன்று. பல்கலைக்கழகங்களுக்கு நல்கை கொடுக்க 2023இல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று ஒன்றை அமைத்தார்கள். ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்று சொன்னார்கள். அதில் அரசு போடுவது 14,000 கோடி, மீதி வெளியிலிருந்து திரட்ட வேண்டியது. மொத்தத்தில் இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம். தென்கொரியா நான்குக்கும் மேல்.

பெரிய எண்களைப் பார்க்கும்போது உள்ளே பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை பசுமை ஹைட்ரஜன் (சூரியன், காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பது) இயக்கத்துக்கு 19,744 கோடி ஒதுக்கியது. அதில் 17,490 கோடி உற்பத்திக்கும் கருவி தயாரிப்புக்கும் ஊக்கத்தொகை. 1,466 கோடி மாதிரித் திட்டங்களுக்கு. ஆராய்ச்சிக்கு 400 கோடி. நூற்றுக்கு இரண்டு. ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் விட வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. ஹைட்ரஜனுக்கும் நெல்லுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது, தெரியும். ஆனாலும் இரண்டு சென்ட் நாற்றை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் நடப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், பக்கத்து வயலில் நாற்று விலைக்கு வாங்கப்போகிறார் என்றுதான் அர்த்தம். சோலார் தகட்டில் நாம் செய்தது அதுதான். சீனாவிலிருந்து நாற்று வாங்கினோம்.

அடுத்தது நிலக்கரிச் செஸ் (ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் தனி வரி). இந்தக் கதையை டெல்டாக்காரருக்கு விளக்கவே வேண்டாம், சொன்னால் போதும். 2010 பட்ஜெட்டில் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டார்கள். அந்தப் பணம் தேசிய தூய ஆற்றல் நிதி என்ற கணக்குக்குப் போய், தூய ஆற்றல் ஆராய்ச்சிக்கும் புதுமையான திட்டங்களுக்கும் செலவாகும் என்றார்கள். நல்ல யோசனை; புகை விடுகிறவரிடம் வாங்கிப் புகையில்லாத வழி தேடுகிறவருக்குக் கொடுப்பது. செஸ் 2016க்குள் 400 ரூபாயாக ஏறியது. 2017-18 வரை வசூலானது சுமார் 86,400 கோடி. அதில் அந்த நிதிக்கு வந்து சேர்ந்தது சுமார் 29,600 கோடி. அதிலிருந்து செலவானது சுமார் 15,900 கோடி. செலவானதும் எல்லாம் ஆராய்ச்சிக்குப் போகவில்லை, வழக்கமான திட்டங்களும் அதில் பங்கு போட்டுக்கொண்டன. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் செஸ், மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்கில் கலந்துவிட்டது. கல்லணையில் திறந்தார்கள், பேப்பரில் படம் வந்தது, கடைமடையில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.

இன்னொரு வறண்ட இடமும் உண்டு. பணம் இல்லாததால் வருகிற வறட்சி இல்லை இது, இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் இருக்கிற மேட்டு நிலம். படி 1 முதல் 3 வரை நல்கை கிடைக்கிறது. படி 8க்கு மேல் வங்கிக் கடன், மானியம், முதலீட்டாளர் எல்லாம் தேடி வருவார்கள். 4 முதல் 7 வரை? பேராசிரியருக்கு அது ஆராய்ச்சியாகத் தெரியாது. கிலோக் கணக்கில் செய்து காட்டினால் யாரும் கட்டுரையாக வெளியிடமாட்டார்கள். வங்கிக்கு அது தொழிலாகத் தெரியாது. மூன்று வருடக் கணக்கு வழக்கு எங்கே என்று கேட்கும். நல்ல கண்டுபிடிப்புகள் நிறைய இந்த மேட்டில்தான் காய்ந்துபோகின்றன. ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார், கருவி மேல் துணி போர்த்திவிடுவார்கள்.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு ஆர்டிஐ என்ற ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. (தகவல் உரிமைச் சட்டத்தின் ஆர்டிஐ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இது சரியாக இந்த மேட்டு நிலத்துக்கென்று வெட்டிய வாய்க்கால், படி 4 முதல் மேலே உள்ள வேலைகளுக்குத் தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடன், வட்டி குறைவு அல்லது இல்லை. பட்டியலில் ஆற்றலும் இருக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, சந்தேகமும் உண்டு. மேட்டுக்கு வாய்க்கால் வந்ததே நல்லது. ஆனால் வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். திருப்பிக் கட்டும் தைரியம் இருக்கிற பெரிய கம்பெனிதான் முதலில் கை நீட்டும். நீடாமங்கலத்துச் சாம்பலை நம்பி இரண்டு இளைஞர்கள் தொடங்கும் கம்பெனிக்கு அதில் எவ்வளவு பாயும் என்பது மடை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

டெல்டாவில் மடை சரியாக வைத்த ஒரு சம்பவமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1967இல், அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்க்க, திருவாரூர் நவீன அரிசி ஆலையில் மத்திய அரசு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்தது. ஆலைக்குள்ளேயே ஆய்வுக்கூடம்; கேள்வியும் பதிலும் ஒரே கூரையில். அது வளர்ந்து நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு வந்து, இன்று நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது.

இதையெல்லாம் மாட்டுப் பொங்கலன்று மாலை சித்தப்பாவுக்குத் துண்டு துண்டாகச் சொன்னேன். ஆடுதுறைக் கதையில் தலையாட்டினார். செஸ் கதையில், "இது தெரிஞ்ச கதைதானே" என்றார். டெஸ்லா அவருக்குச் சுவாரசியப்படவில்லை. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பல் எந்தச் சூட்டில் எரிந்தது என்பதைப் பொறுத்து சிலிக்காவின் தன்மையே மாறிவிடும், அதிகச் சூட்டில் அது படிகமாக இறுகிவிடும், அப்புறம் பிரித்தெடுப்பது பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தையில் வாங்கிய சாம்பலில் ஒரு மூட்டை மாதிரி இன்னொரு மூட்டை இருப்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றாள்.

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏம்மா, பாய்லர்ல அடியில தங்குற சாம்பல் வேற, புகைக்கூண்டுப் பக்கம் பறந்து வந்து விழுற சாம்பல் வேற. நிறமே வேற. நாங்க ரெண்டையும் ஒரே குமியாத்தான் கொட்டுறோம். உனக்கு எது வேணும், சொல்லு. நாளைக்குத் தனித்தனியா அள்ளச் சொல்றேன்."

அவள் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.